தானியங்கி கியர்பாக்ஸின் ஆயிலை மாற்றுதல்: முதன்முறை செய்பவருக்கான வழிகாட்டி

எஞ்சின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுகிற பலர், அதே காரின் தானியங்கி கியர்பாக்ஸுக்குள்ளும் ஓர் ஆயில் இருக்கிறது என்பதையும் அதற்கும் வயதாகும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பல கார்களின் மேனுவலில் இந்த ஆயிலை மாற்ற வேண்டிய தவணை குறிப்பிடப்படுவதே இல்லை. சிலவற்றில் வண்டியின் ஆயுள் முழுவதற்கும் அதுவே போதும் என்று எழுதியிருக்கும். ஆனால் பல நிறுவனங்களின் கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், தன்னுடைய தானியங்கி கியர்பாக்ஸ்களில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில், ஆயிலை மாற்றும்படி பரிந்துரைக்கிறது. பெட்டியைச் செய்தவரே மாற்றச் சொல்லும்போது, ஆயுள் முழுவதும் போதும் என்ற சொல்லை நம்பி இருப்பது புத்திசாலித்தனம் ஆகாது என்பதே என் எண்ணம்.

எஞ்சின் ஆயிலைத் தானே மாற்றிப் பழகியவர் இந்த வேலையையும் செய்துவிடலாம். ஆனால் ஒரு வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எஞ்சினில் ஆயில் கால் லிட்டர் கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தானியங்கி கியர்பாக்ஸ் அப்படித் தாங்காது. பழைய ஆயிலை வடிப்பது எளிது, புதியதை ஊற்றுவதும் எளிது. சரியான ஆயிலைச் சரியான வெப்பநிலையில் சரியான மட்டத்தில் நிறுத்துவதுதான் இங்கே உண்மையான வேலை.

இந்த ஆயில் என்ன செய்கிறது

சாதாரண கியர்பாக்ஸில் ஆயில் பல்சக்கரங்களுக்கு வழுவழுப்பைத் தருவதோடு சரி. தானியங்கி கியர்பாக்ஸில் அது கியர்பாக்ஸின் ஓர் உறுப்பாகவே இயங்குகிறது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு சுழலி ஆயிலை வீச, அந்த வீச்சே எதிரிலுள்ள சுழலியைத் திருப்பி எஞ்சினின் விசையைக் கடத்துகிறது. உள்ளே இருக்கும் பம்ப் அதே ஆயிலை அழுத்தத்துடன் வால்வ் பாடி என்னும் நுண்துளைப் பாதைகளுக்குள் அனுப்ப, அங்கிருந்து அது எந்தக் கிளட்ச் பற்ற வேண்டுமோ அந்தக் கிளட்சை அழுத்திப் பிடிக்கிறது. பற்சக்கரங்களுக்கு உராய்வு தடுப்பதும், உண்டாகும் வெப்பத்தைச் சுமந்து கூலருக்குக் கொண்டுபோவதும் இதே ஆயில்தான்.

இவற்றுள் மிக நுட்பமானது கிளட்ச் தட்டுகளோடு அது கொண்டுள்ள உறவு. அந்தத் தட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே பற்றவும் விடவும் வேண்டும். பற்சக்கரத்துக்கு வழுக்கலைத் தரும் அதே திரவம், கிளட்ச் தட்டில் வழுக்கிவிடாமல், அதேநேரம் வெடுக்கென்று கவ்விவிடாமல், பதமாகப் பற்றவைக்க வேண்டும். இந்தப் பதம் ஆயிலோடு சேர்க்கப்படும் வேதிப்பொருள்களால் வருகிறது. அவை காலப்போக்கில் தீர்ந்துபோகும். தீரத் தீர, கியர் மாறும்போது ஒரு தயக்கமோ குலுக்கலோ தெரியவரும். சீரான வேகத்தில் போகையில், வரிவரியான சாலையின் மீது ஏறியதுபோல ஒரு நொடி வண்டி அதிர்வதும் இதன் அடையாளமாக இருக்கலாம். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பூட்டுக் கிளட்ச் பற்றியும் பற்றாமலும் தடுமாறும்போது அந்த அதிர்வு எழுகிறது.

எஞ்சினில் எரிபொருள் எரிவதால் வரும் கரி இந்த ஆயிலில் சேர்வதில்லை. ஆகவே எஞ்சின் ஆயிலைவிடப் பல மடங்கு நாள் இது தாங்கும் என்பது உண்மைதான். இதன் எதிரிகள் இரண்டு: வெப்பமும், கிளட்ச் தட்டுகளிலிருந்து உதிரும் நுண்துகளும். எண்ணெய்களின் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் அவை ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது இத்துறையில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. நின்று நின்று நகரும் நெரிசலிலும், மலைச்சாலையிலும், பாரம் இழுக்கும்போதும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கடைபடுவதால் சூடு ஏறுகிறது. ஆகவே இரண்டு கார்கள் ஒரே அளவு கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் அவற்றின் ஆயில் ஒரே அளவில் கெட்டிருக்கும் என்று கொள்ள முடியாது.

முதலில் உங்கள் கியர்பாக்ஸ் எந்த வகை என்று அறியுங்கள்

கிளட்ச் மிதி இல்லாத எல்லாக் கார்களையும் ஆட்டோமேட்டிக் என்றே அழைக்கிறோம். ஆனால் உள்ளே இருப்பது நான்கு வெவ்வேறு அமைப்புகளில் ஒன்றாக இருக்கலாம். இந்தக் கட்டுரை டார்க் கன்வெர்ட்டர் கொண்ட வழக்கமான தானியங்கி கியர்பாக்ஸைப் பற்றியது. சிவிடி எனப்படும், கியர்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளுக்கிடையே பெல்ட் ஓடும் வகையிலும் வேலை பெரும்பாலும் இதே முறையில்தான் நடக்கும். ஆனால் அதற்கென்றே உரிய சிவிடி ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். இரட்டைக் கிளட்ச் வகைக்கு அதற்குரிய தனி ஆயில் உண்டு. ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ் மீது, கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் கருவியைப் பொருத்திய அமைப்பு. அதில் ஊற்றுவது சாதாரண கியர் ஆயில். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றினால், குறிப்பாக சிவிடியில் வழக்கமான ஆயிலை ஊற்றினால், பெல்ட் வழுக்கிக் கப்பியின் பரப்பு கீறிப்போகும். அதன் பிறகு செலவு பெட்டியையே மாற்றும் அளவுக்குப் போகலாம்.

எந்த ஆயில், எவ்வளவு

கடையில் நின்று பிராண்டைத் தேடுவதற்கு முன் மேனுவலைத் திறந்து, கியர்பாக்ஸுக்கு எந்தத் தர அடையாளம் கேட்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, ஏடிஎஃப் பிளஸ் 4, டொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹோண்டாவின் டிடபிள்யூ-1, நிசானின் மேட்டிக் எஸ், ஹூண்டாய் கார்களில் வரும் எஸ்பி-4 என்று இந்த அடையாளங்கள் பல. இவை வெறும் விற்பனைப் பெயர்கள் அல்ல. ஆயிலின் தடிப்பும், கிளட்சைப் பற்றவைக்கும் தன்மையும் ஒன்றுக்கொன்று மாறுபடும். டெக்ஸ்ரான் 6 தனக்கு முந்தைய டெக்ஸ்ரான் 3-ஐவிட மெலிதானது. பழையது கேட்கும் ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸில் புதியதை ஊற்றலாம், புதியது கேட்கும் பெட்டியில் பழையதை ஊற்றக் கூடாது. கேட்கப்பட்ட அடையாளத்துக்கு ஒப்புதல் பெற்றதாக அல்லது அதற்கு ஏற்றதாக டப்பாவில் தெளிவாக அச்சிட்டிருந்தால், எந்த நிறுவனத்தின் ஆயிலையும் வாங்கலாம். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று மட்டும் சொல்லி, அடையாளங்களைச் சொல்லாத டப்பாவை விட்டுவிடுங்கள். ஆயில் சிவப்பாக இருப்பதை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிவதற்காகச் சேர்க்கப்படும் சாயம்தான் அது. தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அளவைப் பார்க்கும்போது புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மேனுவலில் இரண்டு எண்கள் இருக்கலாம். ஒன்று, முற்றிலும் உலர்ந்த கியர்பாக்ஸுக்குத் தேவைப்படும் மொத்தக் கொள்ளளவு. மற்றது, ஆயில் மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு. டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் நிற்கும் ஆயில் கீழே வடிவதில்லை. மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும் பெட்டியில், அடியிலுள்ள வடிக்கும் பிளக்கைத் திறந்தால் 3 முதல் 4 லிட்டர்தான் வெளியே வரும். மொத்தக் கொள்ளளவைப் பார்த்துவிட்டு 8 லிட்டரையும் ஊற்றுவது, இந்த வேலையில் நேரும் மிக மோசமான தவறுகளில் ஒன்று.

மாற்ற வேண்டிய நேரத்தை ஆயிலே சொல்லும்

மேனுவலில் தவணை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வது நல்லது. நெரிசலிலும் மலைப்பாதையிலும் ஓடும் வண்டிக்கு 40,000 முதல் 50,000 வரை என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மட்டம் பார்க்கும் கோலான டிப்ஸ்டிக் கியர்பாக்ஸுக்கு இருக்கும் கார் என்றால் இடையிடையே அதை எடுத்து, வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சிவப்பாகவோ இலேசான பழுப்பாகவோ, ஒளி ஊடுருவும்படி இருந்தால் கவலை இல்லை. கரும்பழுப்பாகி ஒளி புகாமல் இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. தீய்ந்த வாடை வந்தால், கிளட்ச் தட்டு கருகத் தொடங்கியிருக்கலாம். இளஞ்சிவப்புப் பால்போல் கலங்கியிருந்தால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து குளிர்நீர் ஆயிலில் கலந்திருக்கிறது என்பதே அதன் பொதுவான காரணம். முதலில் அந்தக் கசிவைச் சரிசெய்ய வேண்டும். வெறும் ஆயில் மாற்றத்தால் அது தீராது.

பல வருடம் மாற்றாத வண்டியில் ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்ற பேச்சை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பெரும்பாலோர் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆயிலை நினைக்கிறார்கள். தேய்ந்து முடிந்த கிளட்ச் சில வாரங்களில் நின்றுபோகும்போது, பழி கடைசியாகச் செய்த வேலையின் மீது விழுகிறது. அதோடு, இயந்திரத்தை இணைத்து அழுத்தத்தோடு கழுவும் முறையில், பல ஆண்டுகளாகப் படிந்து கிடந்த கசடு பெயர்ந்து வால்வ் பாடியின் நுண்துளைகளை அடைக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே நீண்டநாள் கவனிக்கப்படாத, ஆனால் இன்னும் ஒழுங்காக இயங்கும் வண்டிக்கு, தானாக வடியும் அளவை மட்டும் மாற்றும் மென்மையான முறையையே நான் சொல்வேன். ஏற்கெனவே வழுக்கும் வண்டியை, ஆயில் மாற்றுவதற்கு முன், இதைத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஆயிலைத் தவிர, பிளக்குக்குப் புது வாஷர், கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் கீழ்த்தட்டைக் கழற்றுவதாக இருந்தால் ஃபில்டரும் கேஸ்கெட்டும், இரண்டு ஜோடி ஜாக் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, பிளக்குக்குப் பொருந்தும் சாக்கெட், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், அளவுகோடு இட்ட வடிகலம், நீண்ட குழாய் வைத்த புனல் அல்லது கைப்பம்ப், நூல் உதிராத துணி, கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி ஆகியவை வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாத காருக்கு, காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி துளையில் செருகிக் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பநிலையைக் காட்டும் ஸ்கேனரும் வேண்டும். எல்லா மலிவு ஸ்கேனர்களும் இந்த எண்ணைக் காட்டுவதில்லை. வேலையைத் தொடங்கும் முன்பே இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

சில கார்களில் பிளக்குக்கு வழக்கமான அறுகோணத் தலை இருக்காது. ஹோண்டாவின் பல மாடல்களில் ராட்செட்டின் சதுர முனையே நேராகச் செருகும்படி சதுரக் குழி இருக்கும். இசட்எஃப்-இன் 8 வேக கியர்பாக்ஸில் ஃபில்டர், பிளாஸ்டிக் கீழ்த்தட்டோடு ஒரே துண்டாக வருகிறது. ஃபில்டரை மாற்றுவதென்றால் தட்டு முழுவதையும் மாற்ற வேண்டும்.

வடிப்பது

வண்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். நீண்ட பயணத்திலிருந்து வந்தவுடன் திறக்காதீர்கள். இயல்பான ஓட்டத்தில் இந்த ஆயில் 80 டிகிரிக்கு மேல் போகும், கையில் கொட்டினால் வெந்துவிடும். சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, முட்டுக்கட்டை வைத்து, வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டின் மீது இறக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் வண்டிக்குக் கீழே போகக் கூடாது. இறக்கிய பிறகு வண்டியைக் கையால் பலமாக உலுக்கிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி நிறுத்துங்கள். டிப்ஸ்டிக் இல்லாத காரை முன்பக்கம் மட்டும் தூக்கி வேலை செய்ய முடியாது. மட்டம் பார்க்கும் நேரத்தில் வண்டி நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால்தான் இரண்டு ஜோடி ஸ்டாண்டு கேட்டேன்.

கீழே போனதும் எந்த பிளக் எதற்குரியது என்று ஒன்றுக்கு இரண்டு முறை உறுதி செய்யுங்கள். எஞ்சினின் பிளக்கும் கியர்பாக்ஸின் பிளக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கார்கள் உண்டு; சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குத் தனியாக இன்னொரு பிளக் வைத்த கார்களும் உண்டு. எஞ்சின் ஆயிலை மாற்றுவதாக நினைத்துக் கியர்பாக்ஸை வடித்துவிட்டு, மேலே எஞ்சினில் இன்னும் நான்கு லிட்டர் ஊற்றிப் பெட்டியையும் எஞ்சினையும் ஒருசேரக் கெடுத்தவர்கள் பலர். பழுது பார்க்கும் மேனுவலின் படத்தோடு ஒப்பிடாமல் எதையும் திருகாதீர்கள்.

அடுத்தது, நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்வது: வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன், ஆயில் ஊற்றும் பிளக்கைத் தளர்த்திப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாத அந்தப் பிளக் துருவேறி இறுகியிருக்கலாம். அது திறக்கவில்லையென்றால், ஆயில் உள்ளே இருக்கும்போதே வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடலாம். எல்லாவற்றையும் வடித்த பிறகு அது திறக்கவில்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும். எனக்கு ஒரு முறை அப்படி ஆனது. தலை மழுங்கிய அந்தப் பிளக்கைக் கழற்ற இரண்டு நாள் ஆயிற்று.

பிறகு வடிகலத்தை வைத்து, வடிக்கும் பிளக்கைத் திறந்து, சொட்டு நிற்கும்வரை விடுங்கள். வெளியே வந்த ஆயிலில் ஒரு துளியும் சிந்தாமல் சேமிப்பது முக்கியம். எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் முதலில் திரும்ப ஊற்றப்போகிறோம். அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆயில் சூட்டில் விரியும். 60 டிகிரியில் வடித்த 3.5 லிட்டர், 20 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 100 மில்லி குறைந்திருக்கும். பழைய ஆயில் நன்றாக ஆறி, புது ஆயிலின் வெப்பநிலைக்கு வந்த பிறகு அளந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். வடித்த ஆயில் குறைவாக வந்தால், முன்பே கசிந்து குறைந்திருந்ததா என்றும் யோசிக்க வேண்டும்.

கீழ்த்தட்டும் காந்தமும்

எல்லாக் கார்களிலும் கீழ்த்தட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பல ஹோண்டா மாடல்களில் உள் ஃபில்டரை எடுக்கப் பெட்டியையே பிரிக்க வேண்டும்; அவற்றில் வடித்து ஊற்றுவதோடு வேலை முடிகிறது. தட்டு கழற்றும்படி இருந்தால், ஒரு மூலையில் மட்டும் இரண்டு போல்ட்டை அரைகுறையாக விட்டு மற்றவற்றைக் கழற்றினால், தட்டு ஒருபக்கம் சரிந்து, பிளக் வழியே வராமல் தங்கிய ஆயில் கலத்துக்குள் அமைதியாக வடியும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் அந்த ஆயில் உங்கள் முகத்தில்தான் விழும்.

தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தங்களைத் துடைப்பதற்கு முன் நின்று பாருங்கள். கியர்பாக்ஸின் உடல்நிலையைக் கண்ணால் காணக் கிடைக்கும் வாய்ப்பு இது ஒன்றுதான். மைபோன்ற கருஞ்சாம்பல் பசை படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரல்களுக்கிடையே தேய்த்தால் அதில் நறநறப்பு இருக்காது. கையில் உறுத்தும் இரும்புச் சீவல்கள், பல்லின் துண்டுகள் ஆகியவை உள்ளே ஏதோ உடைகிறது என்பதைக் காட்டும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் நிறத் தூள் தட்டில் கிடந்தால் அது புஷ் போன்ற பித்தளை, வெண்கல உறுப்புகளிலிருந்து வந்திருக்கலாம். கறுப்பு நார் போன்றவை கிளட்ச் பூச்சு. இவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை ஒப்பிடவும் மெக்கானிக்கிடம் காட்டவும் உதவும்.

தட்டையும் காந்தங்களையும் கழுவி, முழுதும் உலரவைத்து, நூல் உதிராத துணியால் துடையுங்கள். வால்வ் பாடிக்குள் போகும் ஒரு நூல் துணுக்கு ஒரு கியரையே வராமல் செய்யக்கூடும். ஃபில்டரை மாற்றும்போது, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் மேலே துளையிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டதா என்று பாருங்கள். அது தங்கியபடியே புது வளையத்தையும் திணித்தால் ஃபில்டர் சரியாக அமராமல் பம்ப் காற்றை உறிஞ்சும். கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளைக் கையால் சேர்த்து, பிறகு ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். இந்தச் சிறு போல்ட்டுகளுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் அளவே பல கார்களில் கேட்கப்படும். உங்கள் மேனுவலின் எண்ணையே பின்பற்றுங்கள். பெட்டி அலுமினியம் என்பதால் பலத்தைக் காட்டினால் மரை உரிந்துவிடும். கசிவுக்குப் பயந்து அதிகமாக இறுக்கினாலும் கேஸ்கெட் பிதுங்கி, அதனாலேயே கசியும்.

ஊற்றுவதும் மட்டம் பார்ப்பதும்

வடிக்கும் பிளக்கைப் புது வாஷரோடு குறித்த அளவுக்கு இறுக்கிவிட்டு, அளந்த அளவு புது ஆயிலை டிப்ஸ்டிக் குழாய் வழியாகவோ, ஊற்றும் துளை வழியாகக் கைப்பம்பாலோ உள்ளே செலுத்துங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக் மிதியை அழுத்தியபடியே கியர் கோலைப் பி-யிலிருந்து ஆர், என், டி என ஒவ்வோர் இடத்திலும் நான்கைந்து நொடி நிறுத்தி, மறுபடி பி-க்குக் கொண்டுவாருங்கள். இப்படிச் செய்தால் வெறுமையான பாதைகளும் கிளட்ச் அறைகளும் நிரம்பும். அதன் பிறகுதான் மட்டத்துக்குப் பொருள் உண்டு. இதைச் செய்யும்போது யாரும் வண்டிக்குக் கீழே இருக்கக் கூடாது.

டிப்ஸ்டிக் இருந்தால் வேலை சுலபம். பெரும்பாலான கார்களில் ஆயில் சூடாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், சமதளத்தில் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல மாடல்களில் மட்டும் சூடான எஞ்சினை நிறுத்திய ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். கோலில் குளிர்ந்த நிலைக்கு ஒரு குறியும் சூடான நிலைக்கு ஒரு குறியும் இருந்தால், சூடான குறியையே கடைசித் தீர்ப்பாகக் கொள்ளுங்கள். கோலைத் துடைத்து, முழுதும் செருகி, எடுத்து, இருபக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் குழாயின் சுவரில் ஒட்டிய ஆயில் பட்டு அதிகமாகக் காட்டக்கூடும். குறைவாகக் காட்டும் பக்கமே சரியானது. ஊற்றுவதென்றால் கால் லிட்டருக்கும் குறைவாக ஊற்றிப் பாருங்கள். ஊற்றியதை எடுப்பது ஊற்றுவதைவிடக் கடினம்.

டிப்ஸ்டிக் இல்லாத கார்களில், பெட்டியின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு சோதனைப் பிளக் இருக்கும். அடியில் இருப்பதென்றால் துளைக்குள் செங்குத்தான ஒரு குழாய் நிற்கும். ஆயில் அதன் விளிம்பைத் தாண்டினால் வழியும், தாண்டாவிட்டால் வழியாது. மேனுவல் ஒரு வெப்பநிலை வரம்பைத் தரும். டொயோட்டாவின் பல பெட்டிகளில் அது 40 டிகிரியை ஒட்டியும், இசட்எஃப்-இன் 6, 8 வேகப் பெட்டிகளில் 30 முதல் 50 டிகிரிக்குள்ளும் இருக்கும். வேறு சில பெட்டிகளில் இன்னும் அதிகம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்கேனரில் அந்த வெப்பநிலை வந்ததும் சோதனைப் பிளக்கைத் திறக்க வேண்டும். ஆயில் தாரையாகக் கொட்டினால் கூடுதலாக இருக்கிறது. அது மெலிந்து, இழையாகி, சொட்டுச் சொட்டாக மாறும் கணமே சரியான மட்டம். அப்போதே பிளக்கைப் போட்டுவிட வேண்டும். எதுவும் வரவில்லையென்றால் வரும்வரை சிறிது சிறிதாகச் செலுத்துங்கள். திறந்தவுடன் முதலில் ஒரு கை அளவு வந்து நின்றுவிட்டால் ஏமாறாதீர்கள், அது குழாய்க்குள் நின்ற ஆயிலாக இருக்கலாம். பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாய் சுடும் என்பதையும், எஞ்சின் ஓடுகிறது என்பதையும் மறக்காதீர்கள். மூடிய கூடத்தில் இதைச் செய்யவே கூடாது.

வெப்பநிலை வரம்பைத் தாண்டிவிட்டால் அவசரப்பட்டு ஏதோ ஒன்றைச் சரி என்று முடிவு செய்யாமல், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள். வரம்பைத் தாண்டிய ஆயில் விரிந்து நிற்கும். அப்போது வழிந்ததைப் பார்த்து மூடினால், ஆறிய பிறகு உள்ளே குறைவாகவே இருக்கும். குறைந்தால் திருப்பத்திலும் மேட்டிலும் பம்ப் காற்றை உறிஞ்ச, அழுத்தம் விழுந்து, கிளட்ச் வழுக்கிக் கருகும். கூடினாலும் தீமைதான்: சுழலும் பற்சக்கரங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தத்தைத் தாங்கும் வலு இல்லை, சூடேறி மூச்சுத் துளை வழியே வெளியேயும் வழியும். இரு தவறுக்கும் கடைசி விளைவு ஒன்றே என்பதால்தான் இந்தப் பகுதியில் இத்தனை நேரம் நிற்கிறேன்.

உள்ளே தங்கிய பழைய ஆயில்

8 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 3.5 லிட்டர் மாற்றினால் புது ஆயிலின் பங்கு 44 சதவீதம்தான். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, எல்லாம் கலந்த பிறகு இன்னொரு முறை இதே அளவு மாற்றினால் அது 68 சதவீதமாகும். மூன்றாம் முறையில் 82. இரண்டு முறை போதுமானது என்று நான் கருதுகிறேன். மூன்றாவதற்கு ஆகும் ஆயிலுக்குக் கிடைக்கும் பலன் குறைவு. தவணைப்படி மாற்றிவரும் வண்டிக்கு ஒரு முறையே போதும். கூலர் குழாயைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பழையதை வெளியேற்றிக்கொண்டே புதியதை ஊற்றும் முறையும் உண்டு. அதில் ஊற்றும் வேகம் சற்றுப் பிந்தினாலும் பம்ப் வறண்டு ஓடும் என்பதால், முதன்முறை செய்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முடித்த பிறகு

வண்டியை இறக்கி, அரை மணி நேரம் எல்லா கியர்களும் மாறும்படி நிதானமாக ஓட்டுங்கள். திரும்பி வந்து பிளக், தட்டு விளிம்பு, கூலர் குழாய் இணைப்பு ஆகியவற்றைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். மறுநாள் காலையில் நிறுத்திய இடத்தில் சொட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். கியர்பாக்ஸின் கணினி, பழைய ஆயிலின் பதத்துக்கேற்பக் கிளட்ச் அழுத்தத்தைப் பழக்கப்படுத்தி வைத்திருக்கும். ஆகவே முதல் சில நாள் கியர் மாற்றம் சற்று வேறாகத் தெரியலாம். பெரும்பாலும் அது தானாகவே சரியாகும். சில கார்களில் ஸ்கேனர் வழியாக அந்தப் பழக்கத்தை அழித்துப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். சில சிவிடி கார்களில் ஆயிலின் தேய்வைக் கணக்கிடும் எண்ணைச் சுழியாக்கவும் வேண்டியிருக்கும். குலுக்கலோ வழுக்கலோ புதிதாகத் தோன்றினால், ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காமல், முதலில் மட்டத்தை மறுபடி பாருங்கள். ஆயில் மாற்றிய பின் வரும் பல குறைகளுக்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாக்களிலேயே ஊற்றி இறுக மூடி, கழிவு எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையிலோ மையத்திலோ கொடுங்கள். பெட்ரோல், பிரேக் ஆயில், கூலண்ட் எதையும் அதோடு கலக்காதீர்கள். கலந்த எண்ணெயை மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஒரு டம்ளர் அளவுகூட ஊற்றக் கூடாது.

கடைசியாக ஒரு தாளை எடுத்து, தேதி, ஓடிய கிலோமீட்டர், வடிந்த அளவு, ஊற்றிய அளவு, ஆயிலின் தர அடையாளம், பிளக்குக்குப் பொருந்திய சாக்கெட்டின் அளவு, வாஷரின் எண், மட்டம் பார்த்த வெப்பநிலை ஆகியவற்றை எழுதி, மேனுவலுக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த முறை வண்டிக்குக் கீழே போவதற்கு முன் நீங்கள் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.